கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காதா? வல்லூறு பற்றிய வாக்குவாதம்

வாவிக்கரை
நேற்று இன்னொரு இழையில் பாண்டிருப்பு மாஸ்டர் எழுதியது இது: "அமெரிக்காவில் வல்லூற்றுக் குஞ்சைக் காப்பாற்றுகிறோம் என்று தெருவில் நிற்கிறவர்கள் செய்வது பாவம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது." கீழே ஆளுக்காள் "உண்மை சேர்" என்று போட்டிருக்கிறார்கள். வாசித்ததில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே மாதிரியான நகரங்களில் உயர்ந்த கட்டிடங்களின் விளிம்பில் பொரி வல்லூறு முட்டையிடுகிறது. அதற்கு மலைப்பாறையும் மாடிக் கட்டிடமும் ஒன்றுதான். சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவை இல்லை. சரளைக்கல்லில் ஒரு பள்ளம் பறித்தால் போதும். ஆறு வாரமளவில் குஞ்சு முதல் தடவையாகப் பறக்கும். அப்போது இறக்கையில் பலமும் இல்லை, இறங்கவும் தெரியாது. கண்ணாடிச் சுவரில் மோதும், பஸ் ஓடுகிற தெருவில் விழும். அந்த நாட்களில் தொண்டர்கள் தொலைநோக்கியோடு விடிந்ததில் இருந்து பொழுதுபடும் வரை நின்று, எந்தக் குஞ்சு எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முக்கால்வாசி வேலை பார்ப்பதுதான். தெருவில் விழுந்தால் மட்டும் வாகனத்தை மறித்து, துவாயால் மூடி எடுத்து, காயம் இருக்கிறதா என்று பார்த்து, மறுகா அதே கட்டிடத்தின் மேலே கொண்டுபோய் விடுவார்கள். தாயும் தகப்பனும் வந்து இரை கொடுக்கும். இதில் எங்கே பாவம்?

பாண்டிருப்பு மாஸ்டர்
தம்பி, படிப்பித்தே தலை நரைத்தவன் நான். கை பட்டால் சேர்க்காது. இது அப்பப்பா காலத்தில் இருந்து தெரிந்த விசயம். போன வருசம் எங்கள் வளவு வாகை மரத்தில் இருந்து ஒரு செம்பருந்துக் குஞ்சு விழுந்தது. பக்கத்து வீட்டுப் பொடியன் தூக்கினான். தாய் வரவே இல்லை. கண்ணால் கண்ட எனக்கு நீ சான் பிரான்சிஸ்கோ காட்டுகிறாயா?

வாவிக்கரை
தூக்கிய குஞ்சை எங்கே வைத்தான்?

பாண்டிருப்பு மாஸ்டர்
அவன் வீட்டுக் குசினிக்குள். வெளியே விட்டால் பூனை பிடிக்காதா?

வாவிக்கரை
குசினிக்குள் தாய்ப் பருந்து எப்படி வரும் மாஸ்டர்? அந்த மரத்திலேயே, எட்டுகிற உயரத்தில் ஒரு கூடையைக் கட்டி அதில் வைத்திருந்தால் வந்திருக்கும். தாய் வராததற்குக் காரணம் கை இல்லை, கதவு.

கல்முனைப் புறாக்காரர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த வல்லூறு தின்பதே புறாவைத்தான். நான் கரணப் புறா வளர்க்கிறவன். மேலே விட்டால் ஒவ்வொரு மாரியிலும் ஒன்றிரண்டு குறைகிறது. அடிக்கிற சாதிக்குத் துவாயும் பெட்டியும், அடிபடுகிற புறாவுக்கு யார் தெருவில் நிற்கிறார்கள்?

வாவிக்கரை
புறாக்காரர் அண்ணே, மாரியில் வடக்கில் இருந்து வருகிற பொரி வல்லூறு இங்கே குஞ்சு பொரிப்பதில்லை, வெயில் காலத்துக்கு முன் திரும்பிவிடும். இலங்கையிலேயே தங்குவது அதே வல்லூற்றின் உள்ளூர் வகையான கறுப்புச் சாகீன். அது பாறையில் கூடு வைக்கும், சிகிரியாப் பாறை அதற்குப் பேர் போனது. உங்கள் புறாவை அடிப்பது பாதி நேரம் வைரி என்ற வேறு வேட்டைப் பறவையாக இருக்கும். ஆனால் இங்கே பேச்சு அதுவல்ல. கை பட்டால் தாய் சேர்க்குமா, சேர்க்காதா?

கல்முனைப் புறாக்காரர்
வைரியா வல்லூறா என்று என் புறாவுக்குத் தெரியாது.

பாண்டிருப்பு மாஸ்டர்
சேர்க்காது.

ஆரையம்பதி நிலா
சேர்க்கும் சேர். வாவிக்கரை சொல்வது சரி. கூட்டில் இருக்கிற குஞ்சுகளுக்கு மூன்று வாரமளவில் ஆட்கள் ஏறிப்போய்க் காலில் வளையம் மாட்டுகிறார்கள். தாய் கத்திக் கத்தித் தலையில் அடிக்க வரும். ஆள் இறங்கியதும் போய்க் குஞ்சுக்கு இரை கொடுக்கும். உலகம் முழுக்க இது நடக்கிறது.

வாவிக்கரை
இன்னும் பெரிய சாட்சி இருக்கிறது. டீடீடீ என்ற பூச்சிக்கொல்லி மருந்து இரையின் வழியாக வல்லூற்றின் உடம்புக்குள் போனதால் முட்டை ஓடு மெலிந்து, தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்தது. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பழைய முட்டைகளோடு ஒப்பிட்டு ஓடு மெலிந்ததைக் காட்டினார். 1972இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1970களின் நடுப்பகுதியில் இருந்து என்ன செய்தார்கள்? மெலிந்த முட்டையைக் கூட்டில் இருந்து எடுத்து, பதிலுக்குப் பொய் முட்டை வைத்து, ஆய்வுகூடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சைத் திரும்பக் கொண்டுபோய்க் கூட்டில் விட்டார்கள். தாய் தள்ளிவிடவில்லை, வளர்த்தது. முட்டையில் இருந்தே மனிதக் கையில் பிறந்த குஞ்சு மாஸ்டர்! 1999இல் அமெரிக்கா அந்தப் பறவையை ஆபத்துப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. கை பட்டால் சேர்க்காது என்றால் இன்று அந்த நகரங்களின் வானத்தில் பறப்பது எது?

பாண்டிருப்பு மாஸ்டர்
இப்போது டீடீடீயைக் குறை சொல்ல வந்துவிட்டாயா? 1946இல் இங்கே வீடு வீடாக அடித்த மருந்து அது. மலேரியாவில் ஊர் ஊராகச் செத்தோம். அடித்த பிறகு 1963இல் நாடு முழுக்கப் பதினேழு பேருக்குத்தான் காய்ச்சல். மட்டக்களப்பு, அம்பாறை வட்டைகளில் ஆள் நிலைத்ததே அதனால்தான். ஒரு பறவையின் முட்டைக்காக அதைப் பழிக்கிறாயே, உன் மூத்த தலைமுறையைக் காப்பாற்றியது எது?

வாவிக்கரை
நான் பழிக்கவில்லை. சுவரில் அடித்ததும் பயிருக்கு அள்ளிக் கொட்டியதும் ஒன்றல்ல. பதினேழு பேர் என்றதும் அடிப்பதைக் குறைத்தார்கள், 1960களின் கடைசியில் மலேரியா லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. கொசுவும் அதற்குப் பழகிப்போய் 1977இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது நாம் டீடீடீயை விட்டுப் பல வருசம். இதை வேறு இழையில் பேசுவோம். கை பட்டால் சேர்க்குமா, சேர்க்காதா?

பாண்டிருப்பு மாஸ்டர்
கேள்வி கேட்கிற தோரணையைப் பார். பாம்பு பிடித்துத் தோளில் போட்டுப் படம் எடுத்து இதே இடத்தில் போட்டவன்தானே நீ? அன்றைக்கு நான் கண்டித்தேன். அந்தக் கோபம்தான் இன்றைக்கு வல்லூறாக வருகிறது.

வாவிக்கரை
அந்தச் சாரைப்பாம்பு வலையில் சிக்கியிருந்தது. வெட்டி எடுத்தேன், காட்டில் விட்டேன். அதையும் அறியாமல்தான் அன்றைக்கும் ஏசினீர்கள். சரி, வாசிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வீதியில் குஞ்சைக் கண்டால் முதலில் தள்ளி நின்று பாருங்கள். வாகனம், நாய், பூனை எதுவும் இல்லை, குஞ்சும் நன்றாக இருக்கிறது என்றால் தொடவே வேண்டாம். தாய் பக்கத்தில்தான் இருக்கும். ஆபத்து என்றால் தடித்த துணியைப் போட்டு, காலை இறுகப் பிடித்து எடுங்கள், அந்த நகம் கையைக் கிழிக்கும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில் வையுங்கள். பாணும் பாலும் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். காயம் இல்லையென்றால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உயரத்தில் வையுங்கள்.

கல்முனைப் புறாக்காரர்
புறாவைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தத் திணைக்களத்துக்குச் சொல்வது?

ஆரையம்பதி நிலா
மாஸ்டர் சேர், ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன அந்தப் பொடியன் என் அக்காவின் மகன். குஞ்சு செத்த அன்று "நீ தொட்டதால்தான் தாய் கைவிட்டது, பாவம் உனக்குத்தான்" என்று தெருவில் வைத்து ஏசினீர்கள். பத்து வயதுப் பிள்ளை. போன கிழமை கல்லடியில் நடு வீதியில் ஒரு கொக்குக் குஞ்சு கிடந்தது. கண்டவன் கிட்டப் போகாமல், யாரையும் கூப்பிடாமல், சைக்கிளை வளைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாண்டிருப்பு மாஸ்டர்
நல்ல பிள்ளை. சொன்னால் கேட்கிறவன். நான் ஏசியது அவன் நன்மைக்கு.

ஆரையம்பதி நிலா
அந்தக் கொக்குக் குஞ்சு பஸ்ஸில் அடிபட்டுவிட்டது சேர்.

பாண்டிருப்பு மாஸ்டர்
எடுத்திருந்தாலும் செத்திருக்கும். கை பட்டால் சேர்க்காது.

வாவிக்கரை
அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்புங்கள் நிலா அக்கா. முகத்துவாரப் பக்கம் கடற்கழுகுக் கூடு ஒன்று இருக்கிறது. தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது. மாஸ்டர், உங்களிடம் திரும்பவும் கேட்கிறேன்: ஆய்வுகூடத்தில் பொரித்த குஞ்சை எந்தத் தாய் வளர்த்தது?

பாண்டிருப்பு மாஸ்டர்
அது அமெரிக்கத் தாய்.