ரெண்டரில் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
மதுரையில் வடக்கு பார்த்த மாடி வீடு ஒன்று. ஸ்கெட்ச்அப் மென்பொருளில் 3டி மாடல் செய்து, வி-ரேயில் ரெண்டர் (மாடலிலிருந்து ஒளி, நிழலோடு கணினி உருவாக்கும் படம்) எடுக்கிறேன். போர்டிகோ தூண், வாசல் வேப்பமரம் எல்லாவற்றின் நிழலும் கன்னங்கரேலென்று, ஓரம் கூர்மையாக விழுகிறது. ஃபோட்டோஷாப்பில் நிழலைத் தனி லேயராக்கி காஸியன் பிளர் (சீராக மங்கவைக்கும் ஃபில்டர்) கொடுத்தால் வீடே தரையில் ஒட்டாமல் மிதக்கிறது. வீட்டுக்காரர் ஃபோட்டோ மாதிரி வேண்டும் என்கிறார். எங்கே கை வைப்பது?

பதில் 1:
முதலில் அந்த பிளரை எடுத்துவிடுங்கள். சூரியன் புள்ளி இல்லை, நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலமுள்ள வட்டம், அதனால் நிழல் தரும் பொருளிலிருந்து நிழல் விழும் இடம் தள்ளிப்போகப் போக, மீட்டருக்குச் சுமார் 1 செ.மீ. கணக்கில் ஓரம் மங்கிக்கொண்டே போகும். தூண் தரையைத் தொடும் இடத்தில் நிழல் கூர்மையாகத்தான் இருக்க வேண்டும், தூணின் உச்சி நிழல்தான் மங்கலாக வரும். எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கவைத்தால் அந்தத் தொடும் இடம் கரைந்துவிடும், வீடு மிதப்பது அதனால்தான். வி-ரேயின் சூரிய விளக்கான சன்னில் சைஸ் மல்டிப்ளையர் (சூரியனின் அளவைப் பெருக்கும் எண்) 1 என்பது உண்மைச் சூரியனின் அளவு. 3 அல்லது 4 வைத்துப் பாருங்கள், ரொம்ப ஏற்றினால் வெயிலின் உறைப்பு போய்விடும். பிளெண்டர் மென்பொருள் என்றால் இதே வேலைக்கு சன் லைட்டில் ஆங்கிள், அங்கே உண்மைச் சூரியனுக்கு 0.526 டிகிரி. அப்புறம் மரத்துக்குத் தட்டைப் படம் வேண்டாம், இலையுள்ள முழு மாடலே வையுங்கள். வேப்பிலை இடுக்கு வழியே தரையில் விழும் வெளிச்சம் வட்டவட்டமாக இருக்கும், அது வந்தாலே படம் பாதி நிஜமாகிவிடும்.

கேட்டவர்:
4 வைத்தேன், தூண் இப்போது தரையில் நிற்கிறது, ரொம்ப நன்றி. ஆனால் முன்சுவர் முழுக்க இன்னும் இருட்டு.

பதில் 2:
மாடல் எந்த ஊரில் இருக்கிறது என்று மென்பொருளில் இடம் கொடுத்தீர்களா? மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். மதுரையைக் கொடுத்து ஜூன் மாதம், காலை எட்டு ஒன்பது மணி வையுங்கள், முன்சுவரில் சாய்வாக வெயில் அடிக்கும். இன்னொன்று, நிழல் கருப்பு இல்லை. திறந்த வெளியில் வானத்தின் நீலம் அதில் கலந்திருக்கும், சன்ஷேடின் அடிப்பக்கத்தில் தரையிலிருந்து எழும்பும் வெளிச்சம் பட்டிருக்கும். முற்றம் செம்மண் என்றால் அங்கே லேசான செந்நிறம் தெரியும். எனவே வானத்தை ஒளியாகச் சேருங்கள், ஜிஐயை (பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தையும் கணக்கிடும் குளோபல் இல்யூமினேஷன்) அணைக்காதீர்கள்.

பதில் 3:
கூடவே 2டி எலிவேஷனும் (வீட்டின் முகப்பை நேராகக் காட்டும் தட்டை வரைபடம்) கொடுப்பதாக இருந்தால் அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். இடது மேலிருந்து 45 டிகிரி வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால் 60 செ.மீ. நீட்டிய சன்ஷேடுக்குச் சுவரில் 60 செ.மீ. நிழல், அளந்து போட்டுவிடலாம். ஓரத்தை மங்கவைக்காமல், நிழல் லேயரை மல்டிப்ளையில் (அடியிலுள்ள நிறத்தை இருட்டாக்கும் பிளெண்டிங் மோட்) வைத்து, நிழலின் கீழ் ஓரம் அடர்த்தியாகவும் சன்ஷேடை நெருங்க நெருங்க வெளிறியும் வரும்படி கிரேடியன்ட் கொடுங்கள்.