உறைந்த ஏரியில் கிராப்பி மீனுக்கு ரப்பர் புழு: நான் தவறியது எங்கே?

எமரால்டுவாசி:
அனைவருக்கும் வணக்கம். எமரால்டு அணைக்கரையில் மண்புழுவும் தக்கையுமாகக் கெண்டை பிடித்துப் பழகியவன் நான். சென்ற ஜனவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை என்னை உறைந்த ஏரியின் மேல் நடத்திச் சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு, கிராப்பிக்குத் தூண்டில் போடச் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுபோன மூன்று அங்குல ரப்பர் புழுவை அடித்தரை வரை இறக்கி, சுண்டிச் சுண்டி இழுத்தேன். மூன்று நாளும் ஒன்றும் கடிக்கவில்லை. பத்தடி தள்ளி அமர்ந்திருந்த மாப்பிள்ளையோ நகத்தளவு ரப்பர்த் துணுக்கால் ஏழு மீன் எடுத்துவிட்டார். எனக்குச் சொல்லித் தர அவருக்குக் கூச்சம், கேட்க எனக்கும் கூச்சம். வரும் ஜனவரியில் மீண்டும் போகிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோத்தகிரிக்காரன்:
ஐயா, எட்டுக் குளிர்காலம் அங்கே கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தாங்கள் இரையை மீனுக்குக் கீழே கொண்டுபோய்விட்டீர்கள். கிராப்பியின் கண்கள் மேல்நோக்கிப் பார்ப்பதற்கு வாகாக அமைந்தவை. அது மேலே இருப்பதை எழுந்து வந்து தின்னுமே தவிர, குனிந்து தேடுவது அரிது. நடுக்குளிர்காலத்தில் அந்த மீன்கள் ஏரியின் ஆழமான பகுதியில், தரைக்கும் பனிக்கட்டிக்கும் இடையே கூட்டமாக மிதந்து நிற்கும். மாப்பிள்ளையின் சோனார் கருவியில் மீன் எந்த ஆழத்தில் தெரிகிறதோ, அதற்கு ஓரிரு அடி மேலே இரையை நிறுத்துங்கள்.

அடுத்தது அளவு. குளிர்காலத்தில் கிராப்பி பெரும்பாலும் நுண்ணிய மிதவை உயிரிகளையும் பூச்சிப் புழுக்களையும் தின்கிறது. ஆகவே ஒன்று அல்லது ஒன்றரை அங்குல ரப்பர், அதிலும் வால் நூல்போல மெலிந்தது வேண்டும். நாம் ரப்பர் என்று சொன்னாலும் அது மென்மையான பிளாஸ்டிக்தான்; குளிரில் விறைக்கும்; தடித்த வால் அசையாமல் காய்ந்த குச்சியாக நிற்கும். அதைக் கோத்திடும் தூண்டில் முள்ளின் தலை டங்ஸ்டனாக இருந்தால் நல்லது. ஈயத்தைவிட அது ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது என்பதால், சிறிய உருவிலேயே வேகமாக இறங்கித் தங்கூசியை (தூண்டில் நூலை) விறைப்பாக வைத்திருக்கும். தங்கூசி இரண்டு முதல் நான்கு பவுண்டு இழுவையைத் தாங்கினால் போதும். சுண்டி இழுப்பதை விட்டுவிட்டு, கைவிரல் நடுங்குகிற அளவுக்கு மட்டும் அசைத்து, பிறகு அப்படியே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் நிற்கும்போதுதான் கடிக்கும். அந்தி மயங்கும் வேளையைத் தவறவிடாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: தெளிந்த புதுப் பனிக்கட்டி நான்கு அங்குலமாவது தடித்திருந்தால்தான் அதன்மேல் நடக்க வேண்டும்.

கொடை ஏரிக்கரை:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிராப்பி மேல்நோக்கி வந்து இரையை எடுப்பதால், தங்கூசி இழுபடாமல் சட்டென்று தளரும். தக்கை அமிழ்வதற்காகக் காத்திருக்கும் நம் பழக்கம் அங்கே உதவாது. தளர்ந்ததும் வெடுக்கென்று வெட்டி இழுக்காமல் மெல்லத் தூக்குங்கள்; அதன் வாய் காகிதம்போல மெல்லியது, கிழிந்துவிடும். முப்பதடிக்கும் கீழிருந்து தூக்கிய மீனின் காற்றுப்பை பெரும்பாலும் உப்பிவிடுவதால், திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். ஆகவே சமைக்கும் அளவுக்குப் பிடித்ததும் நிறுத்திக்கொள்வது முறை.

எமரால்டுவாசி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு இங்கே கடும் உறைபனி. ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் வைத்து, அதில் என் பழைய ரப்பர் புழுவையும், மாப்பிள்ளை நினைவாகக் கொடுத்தனுப்பிய சிறியதையும் தனித்தனி நூலில் தொங்கவிட்டேன். காலையில் புல்வெளி முழுதும் வெளுத்திருந்தது. வாளியின் மேல் கண்ணாடித்தாள்போல ஓர் ஏடு. அதை விரலால் உடைத்து நூல்களை இலேசாக ஆட்டினேன். பெரியது முழுதாக ஒரே துண்டாய்த் திரும்பியது. சிறியதன் வால் மட்டும், நான் கையை நிறுத்திய பிறகும், இரண்டு நொடி தானாகத் துடித்தது. பழைய பொட்டலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் இன்றிரவே பேசி, டங்ஸ்டன் தலை முள் வாங்கி வைக்கச் சொல்லப் போகிறேன்.