கிட் கார் கட்டலாமா, வேண்டாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வி8காதலன்

போன வாரம் ஒரு கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டுகிற காரை, பார்த்துவிட்டு வந்தேன். பாதியில் நின்றுபோன ஒரு கோப்ரா ரெப்ளிகா (நகல்). அதிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. கோப்ரா என்றால் என்னவென்று இங்கே விளக்க வேண்டியதில்லை. 1962இல் கரோல் ஷெல்பி ஒரு லேசான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கியதிலிருந்து அந்த உருவத்தில் மயங்கியவர்கள் எத்தனையோ பேர், நானும் ஒருவன்.

விற்பவர், கட்டியவரின் மகன். அப்பா காலமாகிவிட்டார். சேஸிஸ் நாலு சக்கரத்தில் நிற்கிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்துவிட்டன, ஃபைபர் கிளாஸ் பாடி மட்டும் தனியாக மேலே கயிற்றில் தொங்குகிறது. டேஷ்போர்டு இருக்க வேண்டிய இடத்தில் கொத்துக் கொத்தாக வயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப், டேப்பில் பேனாவால் எழுதிய ஓர் எண். வெறும் எண் மட்டும்தான். எந்த எண் எதற்கு என்று பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். "அது அப்பா தலைக்குள்ள இருந்துச்சு சார்" என்றார்.

விலை மிகக் குறைவாகத்தான் சொன்னார். இருந்தாலும் வாங்குகிறேன் என்ற வார்த்தை எனக்கு வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. ரொம்ப நாளாகவே ஒன்று கட்ட வேண்டும் என்ற ஆசை. புதிதாக கிட் வாங்கி ஆரம்பிப்பதா, இதை எடுத்து முடிப்பதா, இரண்டுமே வேண்டாமா? இந்த இடத்தில் நின்றவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஏழாம்நம்பர்

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு சவாரி. தெரிந்தவர் ஒருவர் தானே கட்டிய கேட்டர்ஹாம் வைத்திருந்தார், லோட்டஸ் செவன் வகையைச் சேர்ந்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ஏறுங்கள் என்றார். தரையோடு தரையாக உட்கார்ந்தோம். முதல் வளைவில் முன்சக்கரம் என் கண்ணுக்கு நேரே ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பானெட்டுக்கு வெளியே திறந்தவெளியில் இருக்கிற சக்கரம் அல்லவா. சஸ்பென்ஷன் வேலை செய்வதை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். மேடு பள்ளம் எதுவானாலும் சக்கரம் மட்டும் எழும்பித் தாழ்கிறது, சாலையை விடவே இல்லை. இதை என் கையால் பூட்டி ஓட்ட வேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

கட்டினேன், ஓடுகிறது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் பிறந்ததே வாங்குபவர் கையால் கட்டுவதற்குத்தான். 1957இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது பிரிட்டனில் முழுதாகக் கட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் கிடையாது. கட்டும் கையேடு கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால் பிரிக்கும் கையேடு கொடுத்தார்களாம், வாங்கியவர் அதைப் பின்னாலிருந்து படித்துக் கட்டினாராம். அந்தக் கதை எவ்வளவு நிஜமோ, வரிச்சலுகை நிஜம். 1973இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்து அந்தச் சலுகைக்கு முடிவு கட்டியது. அதே ஆண்டு லோட்டஸ் செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் வாங்கிக்கொண்டது. காசு மிச்சமாகாது என்று தெரிந்தும் இன்று வரை ஆட்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பாருங்கள். உடம்பு சொல்லிவிடும்.

ஸ்பேனர்14

டேப்பில் எண் என்றதும் எனக்கு நண்பன் ஷெட்டில் நடந்தது ஞாபகம் வந்துவிட்டது.

டோனர் கார், அதாவது பாகங்களை எடுக்க வாங்கிய பழைய கார், ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், வயரிங் எல்லாம் அதிலிருந்து. பாடி ஃபைபர். பூட்டி முடித்து விளக்குகளைச் சரிபார்க்கிறோம், நான் பின்னால் நிற்கிறேன். "பிரேக்" என்றேன், மிதித்தான். வலது பக்கம் பிரேக் விளக்கு மங்கலாக எரிந்தது, கூடவே இண்டிகேட்டரும் மெல்ல எரிந்தது. இண்டிகேட்டர் போடச் சொன்னேன். இப்போது பிரேக் விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

சுவிட்சைக் கழற்றினோம், ஃபியூஸ் எல்லாவற்றையும் பார்த்தோம். நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசியில் பார்த்தால் எர்த். இரும்பு பாடியில் விளக்கின் கரண்ட் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. அதனால் விளக்குகளிலிருந்து தனியாக எர்த் வயர் இழுத்து சேஸிஸில் பூட்ட வேண்டும். வயர் இழுத்துத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்து எர்த் போல்ட் பெயிண்ட் மேல் உட்கார்ந்திருந்தது. திரும்பிப்போக வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பு வழியாக வழி தேடியிருக்கிறது. போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டியதும் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

எனக்கு இன்றும் மறக்காதது அவன் முகம்தான். நான் எப்போது கிளம்பலாம் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவனோ வயரிங் படத்தைத் தரையில் விரித்துப்போட்டுக் குப்புறப் படுத்திருந்தான், நேரம் போனதே தெரியாமல். கண்டுபிடித்ததும் உடனே அடுத்த பக்கத்து எர்த்தையும் பார்த்துவிடலாம் என்று எழுந்தான். கட்டுவது அவனுக்கான வேலை, எனக்கானது இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஓட்டப் பிடிக்கும், கட்ட மாட்டேன்.

நிதானம்

ஏழாம்நம்பர், நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சவாரி சொல்வது, ஓட்டப் பிடிக்குமா என்பதைத்தான். இவர் கேட்பது கட்டலாமா என்று. ஸ்பேனர்14 சொன்ன அந்த நள்ளிரவு பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெயில் அடிக்கும் நாளில் ஒரு ரவுண்டு போய்வருவதை வைத்து அல்ல.

நான் கண்டது சின்ன விஷயம். பிரிட்டனில் நடக்கிற தனி வாகன அனுமதிச் சோதனைக்குத் தெரிந்தவர் ஒருவரோடு போயிருந்தேன். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நடுவுக்கு வர வேண்டும். அவர் வண்டியில் வரவில்லை, திருப்பின இடத்திலேயே நின்றது. சக்கரக் கோணம் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வண்டி பளபளவென்று இருந்தது, அவர் ஒன்றும் பேசாமல் ட்ரெய்லரில் ஏற்றினார்.

வி8காதலன், உங்களுக்குச் சில விஷயங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சட்டம். கையால் கட்டிய வண்டியைப் பதிவு செய்வது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் சோதனை பாஸ் செய்தால் போதும், சில இடங்களில் அனுமதியே கிடைப்பது அரிது. ஒரு நட்டு வாங்குவதற்கு முன் இதை எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் இடம். கார் நிற்கிற இடம் போதாது. காரைச் சுற்றி நடக்க வேண்டும், எஞ்சினைத் தூக்க ஹாயிஸ்ட் நிற்க வேண்டும், பாடியைக் கழற்றினால் அதை வைக்க இன்னொரு கார் அளவுக்கு இடம் வேண்டும். அந்த அப்பா ஏன் பாடியைக் கயிற்றில் தொங்கவிட்டார் என்று இப்போது புரிகிறதா?

நேரத்தைப் பொறுத்தவரை, கிட் விற்பவர் சொல்லும் மணிக்கணக்கை நம்பித் தேதி குறிக்காதீர்கள். அது எல்லாப் பாகமும் கையில் இருந்து, எல்லாம் முதல் தடவையே பொருந்தினால் ஆகிற நேரம்.

பாதி வண்டி வாங்குவதாக இருந்தால் சேஸிஸ் எண்ணும் காகிதங்களும் ஒன்றா என்று பாருங்கள். டோனர் காரின் பதிவுச் சான்று, எஞ்சின் வாங்கிய ரசீது எல்லாம் இருக்க வேண்டும். கிட் தயாரித்தவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், இல்லையென்றால் விண்ட்ஷீல்டு ஃபிரேம் மாதிரி ஒரே ஒரு பாகத்துக்காக வருடக்கணக்கில் நிற்க நேரும். சும்மா நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் போயிருக்கும். டயர், புஷ், பிரேக் சீல், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். எண் போட்ட வயர்களை அவிழ்க்கவே முயல வேண்டாம், முழுக்கக் கழற்றிவிட்டுப் புது ஹார்னஸ் (முழு வயர்த் தொகுப்பு) போடுங்கள்.

என் சொந்த யோசனை, கட்டி முடித்து ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை வாங்குங்கள். கட்டச் செலவழித்த பணம் விற்கும்போது பெரும்பாலும் திரும்ப வராது, அதனால் வாங்குபவருக்கு லாபம்.

ஏழாம்நம்பர்

நிதானம், அந்த நள்ளிரவை என்னைத் தாங்கவைத்ததே அந்தச் சவாரிதான். எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் ஆரம்பித்தவர்கள்தான் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய_பெடல்

"கட்டி முடித்த ஒன்றை வாங்குங்கள்" என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்படித்தான் வாங்கினேன். பெயிண்ட் அருமை, எஞ்சின் சத்தம் அருமை. தரைவிரிப்பைக் காயவைக்கலாம் என்று ஒருநாள் சீட்டைக் கழற்றினேன். சீட் பெல்ட்டின் அடிப் போல்ட் மெல்லிய அலுமினியத் தகட்டில் பூட்டியிருந்தது. சேஸிஸ் குழாயில் இல்லை, அடியில் ஒரு தாங்கு தகடுகூட இல்லை. கையால் பிடித்து இழுத்தேன், தகடு என் கண்முன்னே வளைந்தது. அதே சீட்டில் பக்கத்தில் என் மகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

அந்த வாரமே முழு வண்டியையும் பிரித்தேன். பிரேக் பைப், ஸ்டீயரிங் ஜாயின்ட், பெட்ரோல் டேங்க் பட்டை, ஒவ்வொன்றாக. சில இடம் அழகாகச் செய்திருந்தார், சில இடத்தில் தானாகக் கழன்றுவிடாத நைலாக் நட்டே இல்லை. ஆக, அடுத்தவர் கட்டியதை வாங்குவது என்றால் அடுத்தவர் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் நம்புவது. நிதானம், உங்கள் மற்ற யோசனைகள் எல்லாம் சரி. ஆனால் இதைச் சுலபவழி என்று சொல்லாதீர்கள்.

வெல்டிங்_அக்கா

நான் கட்டியது லோகாஸ்ட் வகை, செவன் மாதிரி ஒன்றை மலிவாக வீட்டிலேயே செய்வது. சேஸிஸை நானே சதுரக் குழாயில் வெல்டிங் வைத்துச் செய்தேன். நிதானம் தம்பி சொன்ன அதே பிரிட்டிஷ் சோதனைக்குத்தான் என் வண்டியும் போனது.

சோதனை செய்தவர் ஒரு சின்னக் கோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். 100 மில்லிமீட்டர் குறுக்களவு. அந்தக் கோளம் தொடுகிற இடத்தில் எந்த விளிம்பும் கூர்மையாக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். ஒருவர் மேல் வண்டி பட்டால் அவர் உடம்பு கிழியக் கூடாது என்பதுதான் காரணம். விளக்குத் தாங்கியின் கீழ்ப்பக்கம், நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு மூலை, அங்கே கோளத்தை வைத்தார். நின்றார். விரலால் தடவினார். எனக்கு மூச்சே வரவில்லை. பிறகு நகர்ந்துவிட்டார். ஒவ்வொரு மூலையிலும் அரத்தோடு உட்கார்ந்ததன் அர்த்தம் அந்த விரல் நகர்ந்தபோது தெரிந்தது.

அந்தப் பெரியவரைச் சோதனைக்கு முன்னால் எதிரியாக நினைத்திருந்தேன். உண்மையில் என் வண்டியை என் அளவுக்கு உன்னிப்பாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

வி8காதலன் தம்பி, ஒன்று செய்யலாம். கிட் வாங்குவதற்கு முன் பழைய பிரேக் பைப் ஒரு துண்டு, ஒரு ஃப்ளேரிங் கருவி மட்டும் வாங்கி ஃப்ளேர் போட்டுப் பாருங்கள், அதாவது பைப்பின் முனையை விரித்துப் பாருங்கள். முதலில் கோணலாக வரும், வெடிக்கும். நேராக வரும்வரை விடாமல் உட்காரத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லாமல் உங்களையே தெரிந்துகொள்ளலாம். பழகின பைப்பை வண்டியில் வைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மணல்வண்டி

எல்லோரும் செவன், கோப்ரா என்றே பேசுகிறீர்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அடித்தளத்தில் பக்கி (மணலில் ஓட்டும் திறந்த வண்டி) கட்டுவதை யாரும் சொல்லவில்லை. 1964இல் புரூஸ் மேயர்ஸ் ஃபைபரில் செய்த மேயர்ஸ் மேங்ஸ்தான் இதற்கெல்லாம் முன்னோடி. எஞ்சின் காற்றில் குளிரும், ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. பாதித் தலைவலி போயிற்று.

ஆனால் மேங்ஸ் மாதிரி குட்டைப் பாடிக்கு அடித்தளத்தை நடுவில் சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். நான் பார்த்த ஒன்றில் வெட்டிய பிறகு இரண்டு பாதியையும் தரையில் தள்ளி வைத்திருந்தார்கள், நடுவில் இடைவெளி. வண்டிக்காரர் வெல்டிங் மிஷினைக் கையில் எடுக்க ரொம்ப நேரம் யோசித்தார். வெட்டாமல் முழு நீளத்துக்கே பொருந்துகிற பாடிகளும் உண்டு, புதியவர்கள் அதைத் தேடலாம்.

வி8காதலன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி பைப்பும் கருவியும் வாங்கினேன். நேராக வந்துவிட்டது, அதன் பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன். கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கோப்ரா வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டேன். மகனுக்குப் போன் செய்து சொன்னேன். நிதானம் சொன்ன காகிதங்களைப் பற்றி விசாரித்தபோது டோனர் காரின் பதிவுச் சான்று அவரிடம் இல்லை. அது இல்லாமல் அந்த வண்டி எந்தச் சாலையிலும் ஓடுவது கஷ்டம். அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தனியாக விற்றால் நல்ல விலை கிடைக்கும், மொத்தமாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று. நான் செவன் மாதிரி ஒன்றில் ஆரம்பிக்கிறேன். டோனர் முழு வண்டியாக வாங்கி, ஓட்டிப் பார்த்து, நானே பிரித்து, ஒவ்வொரு வயரிலும் எண்ணோடு பெயரையும் எழுதப் போகிறேன்.

நிதானம்

நல்லது. பிரிப்பதற்கு முன் டோனர் வண்டி சேதமில்லாமல் ஓடுகிறபோதே எல்லா விளக்கும், எல்லா மீட்டரும் வேலை செய்கிறதா என்று வீடியோ எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது எரியவில்லை என்றால் அது முன்பே எரியாததா, நீங்கள் பூட்டியதில் வந்ததா என்று தெரியும்.

ஸ்பேனர்14

பின் விளக்கு பூட்டும் நாளில் சொல்லுங்கள். பின்னால் நிற்க நான் வருகிறேன்.