தனியார் பேருந்து கடைசி நடையை வெட்டுகிறது: ஆர்.டி.ஏ.வில் பொதுமக்கள் எப்படிப் பேசுவது?

கடைசிநிறுத்தம்:
எங்கள் ஊர் வழியாக ஒரு தனியார் பேருந்தும் ஒரு அரசு நகரப் பேருந்தும் ஓடுகின்றன. தனியார் பேருந்து ராத்திரிக் கடைசி நடைக்கு வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால், "அது ஆர்.டி.ஏ. விஷயம், கலெக்டரிடம் மனு கொடுங்க" என்கிறார்கள். ஆர்.டி.ஏ. என்றால் உண்மையில் யார்? அதன் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியுமா? பக்கத்துக் குடியிருப்புக்குப் பேருந்தே கிடையாது. அதற்கும் இதே இடம்தானா?

பெர்மிட்வழி:
1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இரண்டு அடுக்குகளை வைக்கிறது. மேலே மாநிலப் போக்குவரத்து ஆணையம்: தலைவரும் அதிகபட்சம் நான்கு உறுப்பினர்களும். கீழே வட்டாரப் போக்குவரத்து ஆணையம், அதாவது ஆர்.டி.ஏ.: தலைவரும் அதிகபட்சம் இரண்டு உறுப்பினர்களும். போக்குவரத்துத் தொழிலில் பண ஆதாயம் உள்ள யாரையும் உறுப்பினராகப் போடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்தான் ஆர்.டி.ஏ. தலைவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அதன் செயலாளர். அதனால் அலுவலகத்தில் சொன்னது பாதி உண்மை. முடிவு ஆட்சியருடையது, கோப்பை எழுதி மேலே அனுப்புவது அதே அலுவலகம். மனுவை ஆட்சியர் பெயருக்கு எழுதி, நகலைச் செயலாளருக்கும் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். ஒரே இடத்தில் கொடுத்தால் அது அடுத்த மேசைக்குப் போவதற்குள் மாதம் ஓடிவிடும்.

இதைக் கிராம சபை மாதிரி எழுந்து பேசும் கூட்டமாக நினைக்காதீர்கள். பெரும்பாலான விஷயங்கள் கோப்பிலேயே முடிகின்றன. நேர நிர்ணயக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். அதற்குப் பேருந்து உரிமையாளர்களையும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தையும் அழைப்பார்கள். பயணிகளுக்கு அழைப்பு வராது. அதற்கு முன்பே உங்கள் மனு கோப்பில் ஏறியிருக்க வேண்டும். பள்ளி விடும் நேரம், கடைசி ரயில் வரும் நேரம் போன்றவற்றை மனுவில் எழுதியிருந்தால் மட்டுமே அது அங்கே பேச்சுக்கு வரும்.

பழைய 1939 சட்டத்தில் ஒவ்வொரு பெர்மிட் விண்ணப்பத்தையும் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் நடைமுறை இருந்தது. 1988 சட்டத்தில் அது இல்லை. எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், சாதாரணமாக மறுக்கக்கூடாது என்பதுதான் 80ஆம் பிரிவு. ஆகவே ஒரு பெர்மிட் கொடுக்கும் நேரத்தில் மக்களுக்குப் பெரிய பங்கில்லை. கொடுத்த பெர்மிட்டின் நிபந்தனை மீறப்படும்போதும், அது புதுப்பிக்க வரும்போதும்தான் உங்கள் சொல்லுக்கு எடை.

மனுக்காரர்:
முந்தைய பதிவின் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பஸ் ஒழுங்கா வரலை" என்ற மனுவுக்கு "உரிமையாளர் எச்சரிக்கப்பட்டார்" என்று ஒரு வரிப் பதில் வரும், அவ்வளவுதான். முதலில் பெர்மிட்டைக் கையில் வாங்க வேண்டும். கடைசி நடை பெர்மிட்டில் இருக்கிறதா என்றே பலருக்குத் தெரியாது. சில பேருந்துகள் வழக்கத்தில் ஓட்டும் நடை பெர்மிட்டில் இருக்காது. அதை வெட்டினால் மீறலே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். கேட்க வேண்டியவை: குறிப்பிட்ட பதிவெண் கொண்ட பேருந்தின் பெர்மிட் நகல், நிபந்தனைகளுடன், அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணை, பெர்மிட் முடியும் தேதி, கடந்த 12 மாதங்களின் தணிக்கை அறிக்கைகள், அதே காலத்தில் அந்தப் பேருந்துக்குக் கொடுத்த சிறப்பு பெர்மிட்டுகளின் தேதிகள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்வியைத் தள்ளிவிடுவது சுலபம், இருக்கும் ஆவணத்தின் நகலை மறுப்பது கடினம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வணிக ரகசியம் என்று சொன்னால், கட்டண அட்டவணையையும் கால அட்டவணையையும் பேருந்திலேயே பார்வைக்கு வைக்கச் சொல்லி நிபந்தனை போட 72ஆம் பிரிவு இடம் தருவதைச் சுட்டிக்காட்டுங்கள். பேருந்திலேயே எழுதி வைக்க வேண்டியது ரகசியமாக இருக்க முடியாது.

சிறப்பு பெர்மிட்டை ஏன் கேட்கிறோம் என்றால், 88(8) பிரிவில் தடப் பேருந்தையே கல்யாணம், கோயில் பயணம் போன்ற வாடகைக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கலாம். பேருந்து வராத நாட்களை முகூர்த்த நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறப்பு பெர்மிட் இருந்த நாளில் மாற்றுப் பேருந்து விட்டார்களா என்பது ஒரு கேள்வி. சிறப்பு பெர்மிட்டே இல்லாத நாளில் பேருந்து எங்கே போனது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகக் கொடுங்கள்.

பதிவேடு இப்படி இருக்கட்டும்: தேதி, நிறுத்தம், அட்டவணை நேரம், வந்த நேரம் அல்லது "வரவில்லை", அப்போது காத்திருந்தவர்கள் எத்தனை பேர், இரண்டு பேர் கையெழுத்து. தொடர்ந்து நான்கு வாரம் எழுதினால் போதும். ஐந்நூறு கையெழுத்து போட்ட மனுவைவிட இந்த ஒரு தாள் வலுவானது. மோட்டார் வாகன ஆய்வாளர் எந்த நாள், எந்த நேரம் வந்து தணிக்கை செய்ய வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

கடைசிநிறுத்தம்:
நன்றி சார். மீறல் உறுதியானால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களா? உள்ள பேருந்தும் நின்றுபோனால் ஊரில் என்னைத்தான் திட்டுவார்கள்.

பெர்மிட்வழி:
ரத்து அபூர்வம். 86ஆம் பிரிவில் நிபந்தனை மீறலுக்கு ரத்தும் செய்யலாம், தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம், உரிமையாளரிடம் விளக்கம் கேட்ட பிறகு. ஆனால் அதே பிரிவில், ரத்துக்கோ நிறுத்தத்துக்கோ பதிலாக ஒத்துக்கொண்ட ஒரு தொகையைக் கட்டவைத்து முடிக்கவும் வழி இருக்கிறது. அபராதம் கட்டிய மறுநாளே பழைய கதை தொடர்வதற்குக் காரணம் இதுதான்.

அதனால் மனுவில் "ரத்து செய்க" என்று எழுதாதீர்கள். "அங்கீகரிக்கப்பட்ட கடைசி நடையை இயக்கச் செய்து, குறிப்பிட்ட தேதிகளில் திடீர் தணிக்கை நடத்தி, அறிக்கையை பெர்மிட் கோப்பில் சேர்க்க வேண்டும்" என்று கேளுங்கள். பெர்மிட் ஐந்து வருடத்துக்குத்தான். புதுப்பிக்க விண்ணப்பம் வரும்போது கோப்பில் உள்ளதைத்தான் ஆணையம் பார்க்கும். அனுமதி இல்லாத நடை ஓட்டியதற்கோ, தடம் மாறி ஓடியதற்கோ 12 மாதத்தில் இரண்டு முறை தண்டிக்கப்பட்டிருந்தால் புதுப்பிப்பையே மறுக்க 81ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆக, முடியும் தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்பு உங்கள் பதிவேடு கோப்பில் இருந்தாக வேண்டும்.

பணிமனைவாசல்:
பேருந்தே இல்லாத குடியிருப்புக்கு வழி வேறு. அரசு நகரப் பேருந்தை நீட்டிப்பதைப் போக்குவரத்துக் கழகம்தான் முடிவு செய்யும். கிளை மேலாளரிடம் தொடங்கி, மண்டலப் பொது மேலாளருக்கு நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவும் கடைசியில் கிளைக்குத்தான் வரும். கிளையிலிருந்து "வழித்தடம் சாத்தியமில்லை" என்று பதில் போவது பெரும்பாலும் மனுவில் விவரம் இல்லாததால்தான். கூடுதல் தூரம் எத்தனை கிலோமீட்டர், சாலை ஊராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா, குறுகலான சிறுபாலம் எங்கே, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி எங்கே, பேருந்து திரும்ப இடம் எங்கே என்று எழுதுங்கள். திரும்ப இடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நல்ல கோரிக்கைகள் செத்துப்போகின்றன. கிராம சபைத் தீர்மானத்தில் அந்த இடத்தின் சர்வே எண்ணையே எழுதி இணையுங்கள்.

இன்னொன்று மினி பேருந்து. புதிய திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். உங்கள் குடியிருப்பைச் சுற்றி இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் தடத்தை வரைபடமாக வரைந்து, ஆர்.டி.ஏ.விடம் தடமாக அறிவிக்கக் கேளுங்கள். அறிவித்தும் யாரும் விண்ணப்பிக்காவிட்டால் தடம் தாளிலேயே கிடக்கும். வழியில் சந்தை, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வரும்படி வரையுங்கள்.

மனுக்காரர்:
அந்த மினி பேருந்துத் திட்டம் வந்த விதமே மக்கள் நுழைய வேண்டிய வாசலைக் காட்டுகிறது. 2024 ஜூனில் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டார்கள், ஜூலையில் சென்னையில் கருத்துக் கேட்பு நடந்தது, 2025இல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் போக்குவரத்துக்காக ஒரு தடத்தையோ பகுதியையோ ஒதுக்கும் திட்டம் 99ஆம் பிரிவில் அரசிதழிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது வர வேண்டும். அரசிதழ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அது 100ஆம் பிரிவு தரும் உரிமை. உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இந்த விசாரணைகளுக்குத் தயாராக வருகின்றன. பயணிகள் தரப்பில் எழுத்து மூலமான மனு குறைவு, அது வருத்தமான விஷயம். அரசிதழ் எழுதுபொருள் அச்சுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளிதழில் சிறு எழுத்தில் வருவதை நம்பி இருந்தால் 30 நாள் போய்விடும். ஆட்சேபத்தில் திட்டத்தின் எந்தப் பத்தி, அதில் எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதி, "நேரில் கேட்கப்பட விரும்புகிறேன்" என்ற வரியையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.