பழைய ஃப்ளாஷ் வாங்கலாமா, புதுசுக்கே போகலாமா?

விவிடார் 283 மாதிரி பழைய ஃப்ளாஷ் கிடைத்தால் நேரே டிஜிட்டல் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். முதலில் டிரிகர் வோல்டேஜ், அதாவது ஃப்ளாஷின் அடியிலிருந்து கேமராவுக்குள் போகும் வோல்டேஜ், அளந்தாகணும்; அதிகமானால் கேமரா கெட்டுவிடும். செல் போட்டு ஆன் செய்து, ரெடி லைட் எரிந்ததும் மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை ஃப்ளாஷின் அடியில் நடுப் புள்ளியில், கறுப்பு முனை பக்கவாட்டுத் தகட்டில். பழைய முள் மீட்டர் குறைத்துக் காட்டும். டிஜிட்டல் மீட்டர்தான் சரி. ஜப்பானில் செய்த ஆரம்பகால 283-களில் 200 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். பிற்காலத்தவை பலவற்றில் 10 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். மாடல் ஒன்றுதானே என்று வேறொருவர் அளந்த கணக்கை நம்பவே கூடாது. நிகான் டிஎஸ்எல்ஆர் 250 வோல்ட் வரை தாங்கும். பழைய கேனான் டிஜிட்டல் பாடிகளுக்கு 6 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் ஃப்ளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவில், வோல்டேஜைக் குறைக்கும் வெய்ன் சேஃப்-சிங்க் அடாப்டர் போடுங்கள்.

*

மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் வோல்டேஜ் பாஸானாலும் டிடிஎல், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கேமரா அளந்து ஃப்ளாஷ் அளவைத் தானே முடிவு செய்வது, வராது. நிகான் எஸ்பி-28, கேனான் 540ஈஇசட் எல்லாம் ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து நிறுத்தியவை. டிஜிட்டலில் முன்கூட்டி ஒரு சின்ன மின்னல் அடித்து அளக்கிறார்கள். நிகானில் இப்படி அளக்கும் ஐ-டிடிஎல் 2003-இல் எஸ்பி-800-உடன்தான் வந்தது. எஸ்பி-28-இல் 'ஏ' மோட் மட்டும் இன்றும் கைகொடுக்கும், ஏனென்றால் அதில் அளப்பது ஃப்ளாஷின் முகத்திலேயே இருக்கும் கண். 540ஈஇசட் என்றால் மேனுவல்தான். கைடு நம்பரை (ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் எண்) தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர் கிடைக்கும்: ஐஎஸ்ஓ 100-இல் 36 என்றால், 4.5 மீட்டரில் எஃப்/8. ஸ்டாண்டில் நிறுத்தி போர்ட்ரெய்ட் எடுக்க இதுவே தாராளம். தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி ஓடும்போது கணக்குப் போட முடியாது. அங்கே டிடிஎல் உள்ள புதுசுதான் வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ள கோடாக்ஸ் வி860 மார்க் 2 ஃபுல் பவரில் அடித்தாலும் சுமார் ஒன்றரை வினாடியில் தயாராகிவிடும்.

*

கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் கவனிக்க: இவற்றின் ஹாட் ஷூவில் (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) ஃப்ளாஷை அடிக்க வைக்கும் நடுப் புள்ளியே கிடையாது. பழைய ஃப்ளாஷ் மட்டுமல்ல, புது கோடாக்ஸ் டிடி600-ஐ மேலே மாட்டினாலும் அடிக்காது. கேனானுக்கென்றே வரும் ஈ-டிடிஎல் (கேனானின் டிடிஎல்) ஃப்ளாஷ்தான் வாங்கணும். கடையில் உங்கள் பாடியிலேயே மாட்டி அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

*

செகண்ட் ஹேண்டில் செல் அறையைத் திறந்து பாருங்கள். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிட்டாலே போதும். பல வருஷம் சும்மா கிடந்த ஃப்ளாஷில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர் சோர்ந்திருக்கும். புது செல் போட்டு, ரெடி லைட் வந்ததும் சில நிமிஷம் அப்படியே விட்டு, பிறகு அரை நிமிஷ இடைவெளியில் பத்து தடவை ஃபுல் பவரில் அடியுங்கள். தயாராகும் நேரம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வரணும். குறையவில்லை என்றால் வாங்காதீர்கள். திறந்து சரிசெய்யவும் முயல வேண்டாம். செல்லை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கும்.