லேப்டாப் மாறி மாறி கிராஷ் ஆகுது: டிரைவரா, ரேமா?

கதிர்_07: விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம் (8+8, ரெண்டு ஸ்டிக்). ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு ப்ளூ ஸ்க்ரீன் வருது, அடுத்த தடவை பேஜ் ஃபால்ட். சில சமயம் எதுவும் காட்டாம பட்டுன்னு அணைஞ்சிடுது. மினிடம்ப்ல (கிராஷ் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற சின்ன ஃபைல்) என்டிஓஎஸ்கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி) பேரு வருது. வைஃபை டிரைவர் (வைஃபை கார்டை விண்டோஸோட பேச வைக்கிற மென்பொருள்) அப்டேட் ஆன பிறகுதான் ஆரம்பிச்சுது. ஃபார்மட் பண்ணிடலாமா?

கெர்னல் குமரன்: வைஃபை டிரைவர்தான். டிவைஸ் மேனேஜர்ல அந்த அடாப்டரோட ப்ராப்பர்ட்டீஸ் திறந்து ரோல் பேக் டிரைவர் கொடுத்து பழைய டிரைவருக்குத் திரும்புங்க. என்டிஓஎஸ்கெர்னல் பேரைப் பார்த்து விண்டோஸ் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. தப்பை வேற டிரைவர் பண்ணியிருந்தாலும் அது கெர்னல்ல வெடிக்கும்போது கெர்னல் பேருதான் பதிவாகும். ரோல் பேக்ல சரியாகலைன்னா ஃபார்மட்.

சாலிடர் மணி: ஃபார்மட் இப்ப வேண்டவே வேண்டாம் கதிர். ஒவ்வொரு தடவையும் வேற வேற பிழை வந்தா முதல் சந்தேகம் ரேம் மேலதான். பழுதான ரேம்ல இன்ஸ்டால் பண்ணா மொத்த விண்டோஸும் அந்த ரேம் வழியாத்தான் டிஸ்குக்குப் போகும். ஒரு பிட் புரண்டா கூட புது விண்டோஸும் உடைஞ்சதா இறங்கலாம். பேக்கப் எடுக்கும்போதும் இதே ஆபத்து இருக்கு. பழைய பேக்கப் மேல எழுதாம தனி ஃபோல்டர்ல எடுங்க.

கெர்னல் குமரன்: பிழை மாறி மாறி வந்தா ரேம்னு எப்படி முடிவு பண்றீங்க மணி? ஒரு டிரைவர் தனக்குச் சொந்தமில்லாத மெமரியில எழுதினாலும் இதேதான் நடக்கும். எந்த இடத்தைக் கெடுத்துச்சோ அதைப் பொறுத்துப் பிழைக்குறி மாறும். அப்டேட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சதை எப்படி ஒதுக்க முடியும்?

சாலிடர் மணி: ஒதுக்கலை. பிரிச்சுப் பார்க்கச் சொல்றேன். மெம்டெஸ்ட்86ங்கிற ரேம் டெஸ்ட் ப்ரோக்ராமை பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணா அங்க விண்டோஸே கிடையாது, வைஃபை டிரைவரும் கிடையாது. அங்க ஒரே ஒரு எரர் வந்தாலும் பழி டிரைவர் மேல விழாது. நாலு பாஸும் (நாலு சுத்தும்) முழுசா ஓடணும், அதனால ராத்திரி போட்டு விடுங்க. விண்டோஸோட மெமரி டயக்னாஸ்டிக் வழக்கமான முறையில மேலோட்டமாத்தான் பார்க்கும்.

எரர் வந்தா சார்ஜரைக் கழட்டுங்க, அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரையும் எடுத்துட்டு அப்புறம் ரேம்ல கை வைங்க. ஒரு ஸ்டிக்கை மட்டும் சாய்வா செருகி, ரெண்டு பக்கக் கிளிப்பும் பிடிக்கிற வரைக்கும் கீழ அழுத்தி டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் ஸ்லாட்டை மாத்துங்க. ஒரே ஸ்டிக் ரெண்டு ஸ்லாட்டிலயும் எரர் காட்டினா ஸ்டிக் போச்சு. ரெண்டு ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்ல மட்டும் எரர் காட்டினா பிரச்சினை போர்டு பக்கம்.

யாழினி: ரெண்டு பேரும் "பட்டுன்னு அணையுது"ன்னு அவர் சொன்னதை விட்டுட்டீங்க. விண்டோஸோட பதிவேடான ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41ங்கிற பதிவு இருக்கும். அது ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது. அதோட டீடெய்ல்ஸ்ல பக்செக்கோட் (ப்ளூ ஸ்க்ரீனோட பிழை எண்) பாருங்க. அங்க எண் தசமத்துல இருக்கும். 26ன்னா மெமரி மேனேஜ்மென்ட். 0ன்னா விண்டோஸுக்கு எதையும் பதிவு பண்ண நேரமே கிடைக்கலை, அப்ப சூடு, பேட்டரி, சார்ஜர் பக்கம் போகணும். ஆனா எஸ்எஸ்டி நடுவுல தொடர்பு அறுந்தாலும் டம்ப் எழுத முடியாது. அதனால எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிவு பண்ற ஸ்மார்ட் விவரத்தையும் பார்த்துடுங்க.

சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற சென்சார் பார்க்கிற ப்ரோக்ராம்ல லாக் பண்ணி, அணையறதுக்கு முன்னாடி இருந்த கடைசி வரிகளைப் பாருங்க. ப்ராசஸர் 100 டிகிரி பக்கத்துல நின்னிருந்தா ஃபேனைக் கழட்டுங்க. ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். வெளியிலிருந்து ஊதினா அது போகாது. இறக்கையைப் பிடிச்சுக்கிட்டு சுத்தம் பண்ணுங்க. பேட்டரி உப்பியிருந்தா மேற்கொண்டு எந்த டெஸ்டும் வேண்டாம், அந்த லேப்டாப்பைப் பயன்படுத்துறதையே நிறுத்துங்க.

கெர்னல் குமரன்: சரி, மெம்டெஸ்ட் முதல்ல ஓடட்டும், ஃபார்மட்டைத் தள்ளி வைக்கலாம். ஆனா அது பாஸ் ஆயிட்டா ரேம் நல்லதுன்னு சத்தியம் பண்ண முடியாது மணி. சூடு ஏறினா மட்டும் தப்பு பண்ற ஸ்டிக்கும் உண்டு.

சாலிடர் மணி: உண்மைதான். அதனாலதான் பாஸ் ஆனாலும் ஒரு ஸ்டிக்கை எடுத்துட்டு வழக்கமான வேலையை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

கெர்னல் குமரன்: அதுலயும் பிடிபடலைன்னா டிரைவர் வெரிஃபையர், டிரைவர்களைக் கடுமையா சோதிச்சுத் தப்பைப் பிடிக்கிற விண்டோஸ் கருவி. கதிர், முதல்ல ரீஸ்டோர் பாயின்ட் போடுங்க, பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை வேற இடத்துல எழுதி வைங்க. வெரிஃபையர்ல மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் டிக் பண்ணுங்க. லோ ரிசோர்சஸ் சிமுலேஷனைத் (மெமரி பத்தாத மாதிரி நடிக்கிற சோதனை) தொடாதீங்க, அது நல்ல டிரைவரையும் விழ வைக்கும். மெஷின் மெதுவாகும், கிராஷ் ஆகத்தான் செய்யும், ஆனா இந்தத் தடவை டம்ப்ல தப்பு பண்ண டிரைவரோட பேரே வர வாய்ப்பு அதிகம். பூட்டே ஆகலைன்னா சேஃப் மோட்ல போய் கமாண்ட் ப்ராம்ப்ட்ல வெரிஃபையர் ரீசெட் கட்டளை கொடுத்து வெளிய வாங்க.

கதிர்_07: பக்செக்கோட் பார்த்தேன். ரெண்டு பதிவுல 26, ஒண்ணுல 0. இன்னிக்கு ராத்திரி மெம்டெஸ்ட் போடறேன்.

யாழினி: அந்த 0 பதிவு வந்த நேரத்துல சார்ஜர் போட்டிருந்துச்சா, பேட்டரியில ஓடுச்சான்னும் குறிச்சு வைங்க. பேட்டரியில மட்டும் அணைஞ்சா பவர்சிஎஃப்ஜி கட்டளையில பேட்டரி ரிப்போர்ட் எடுத்து இங்க போடுங்க.