செராமாவில் கைதட்டிவிட்டு வந்தேன், என்ன சொன்னார் என்று கேட்டால் பதில் இல்லை

செந்தூல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் அப்பாவோடு செந்தூல் பக்கம் ஒரு செராமாவுக்கு, அதாவது அரசியல் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கடைசியாகப் பேசிய ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஒரு குறளைச் சொல்லித் தமிழில் ஆரம்பித்தார், நடுவில் மலாய்க்குப் போனார், குரலைத் தாழ்த்தித் தன் அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டி வளர்த்த கதையைச் சொன்னார், அப்புறம் திடீரென்று குரலை உயர்த்தி "வீடு கொடுத்தார்களா? வேலை கொடுத்தார்களா? மரியாதையாவது கொடுத்தார்களா?" என்று கேட்க, ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "இல்லை" என்று கத்தியது. பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இறங்கி முன்னால் வந்துவிட்டார்கள். நானும் கத்தினேன், கை வலிக்கத் தட்டினேன்.

மறுநாள் வேலையிடத்தில் ஒருவர், "அப்படி என்னதான் செய்வதாகச் சொன்னார்?" என்று கேட்டார். ஒரு வரிகூட வரவில்லை. உணர்ச்சி அப்படியே இருக்கிறது, விஷயம் இல்லை. இதை எப்படிச் செய்கிறார்கள்? பேச்சுத்திறன் என்றாலே ஆளை மயக்கிவிட்டுப் போவதுதானா? தேர்தல் வந்தால் இன்னும் எத்தனையோ மேடை போடுவார்கள், அதற்குள் ஒழுங்காகக் கேட்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:

நல்ல கேள்வி சகோ. நீங்கள் எழுதிய அந்த மூன்று கேள்விகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு, வேலை, மரியாதை. இரண்டோடு விட்டால் பாதியில் நின்ற மாதிரி இருக்கும், நான்காவது வந்தால் இழுக்கும். மூன்றாவது வரும்போதே இங்கே முடியப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கூட்டத்தில் தனியாகக் கைதட்ட யாருக்கும் கூச்சம்தான், எல்லாரும் சேர்ந்து தட்ட வேண்டுமானால் எப்போது தட்டுவது என்பது எல்லாருக்கும் ஒரே நொடியில் தெரிய வேண்டும், அந்த நொடியைத்தான் பேச்சாளர் மூன்றாவது சொல்லில் காட்டிக்கொடுக்கிறார்.

பிரிட்டனில் மேக்ஸ் அட்கின்சன் என்ற ஆய்வாளர் அரசியல் பேச்சுப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு 1980களில் இதை எழுதினார். அதே காலத்தில் ஹெரிட்டேஜ், கிரேட்பேட்ச் என்ற இருவர் அங்கே 1981-இல் நடந்த கட்சி மாநாடுகளின் 476 பேச்சுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கைதட்டலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரு சில வாக்கிய அமைப்புகளை ஒட்டியே வந்திருந்தது. மூன்றாக அடுக்குவது, இரண்டை எதிரெதிரே நிறுத்துவது, புதிர் போட்டு விடை சொல்வது, இப்படி. 1961-இல் கென்னடி "நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே" என்று தொடங்கி அதையே திருப்பிப் போட்டாரே, அது இரண்டாவது வகை.

அம்மா கதை வேறு கணக்கு. நம்பவைக்க மூன்று வழி என்று அரிஸ்டாட்டில் சொல்லிவைத்திருக்கிறார்: பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, வாதம். உங்கள் ஒய்.பி. முதல் இரண்டையும் ஒரே கதையில் முடித்துவிட்டார். மூன்றாவதைத் தொடவே இல்லை போலிருக்கிறது, அதனால்தான் திருப்பிச் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை.

கெடா தோட்டத்துப் பிள்ளை:

தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதைப் படித்தால் மேடையில் நன்றாகப் பேசுகிறவன் எல்லாம் தந்திரக்காரன் என்று ஆகிவிடுகிறது, அதற்கு எனக்குச் சம்மதமில்லை. நான் இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், நம் சனம் வேலையும் போய் லயத்து வீடும் போய் ரோட்டில் நின்றது. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் அப்போது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாள்கூலிக்காரர்கள், அவர்களிடம் போய் அவர் கேட்டதோ பணம். பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு, எல்லாரும் சேர்ந்தால் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை ஒரு மனிதர் பேச்சை நம்பி எடுத்துக் கொடுத்தார்கள் என்றால் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும், நினைத்துப் பாருங்கள். எங்கள் அம்மா அந்த ரசீதுகளைத் தகரப்பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார்.

அடுக்குமொழி இருந்தால்தான் எடுபடும் என்றும் இல்லை. பெரியார் 1929 கடைசியில் கப்பலில் பினாங்கில்தான் வந்து இறங்கினார், 1954-இலும் வந்தார். அவர் மேடையில் பேசியது வீட்டில் பேசுகிற தமிழ். நான் சொல்வதற்காக நம்பாதே, உன் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள் என்பார். அண்ணாவின் பேச்சு இதற்கு நேர் எதிர், எதுகையும் மோனையுமாகக் கொட்டும். இரண்டு பேர் பின்னாலும் கூட்டம் வந்ததே.

பிறை டீச்சர்:

ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற வேலை என்னுடையது. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது, எந்தச் சொல்லில் கையைத் தூக்குவது, எல்லாம் நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தம்பி கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாரே, என் வழி இது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள். "ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்", "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும்" என்று முடிந்தால், செய்யப்போவது யார் என்று திரும்பிக் கேளுங்கள், பல நேரம் ஆளே இருக்க மாட்டார். அப்புறம் எவ்வளவு, எப்போது. ஒரு பள்ளி நிகழ்ச்சிக்கு வந்த ஒரு தலைவர் கூரை மாற்ற மானியம் என்று ஆளுயரக் காசோலை அட்டையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அட்டை அலுவலகச் சுவரில் சாய்ந்து நின்றது, மழை பெய்தால் வகுப்பறையில் வாளி வைப்பதும் நிற்கவில்லை. ஆனால் மேடையில் அவர் தொகையையும், எந்த மாதத்துக்குள் வரும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லியிருந்தார், ஒரு பெற்றோர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்தப் பதிவை இணைத்துக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது, கடைசியில் பணம் வந்தது. பொதுவாகப் பேசிவிட்டுப் போயிருந்தால் எதைக் காட்டி நாங்கள் கேட்டிருப்போம்?

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28-இல் வாஷிங்டன் பேரணியில் பேசியதில் எல்லாருக்கும் நினைவிருப்பது கனவு மட்டும்தான். அந்தப் பேரணிக்கு ஒரு கோரிக்கைப் பட்டியலே இருந்தது, குறைந்தபட்சக் கூலி மணிக்கு இரண்டு டாலர் என்பதுவரை அதில் எழுதியிருந்தார்கள். கனவும் அந்த இரண்டு டாலரும் ஒரே மேடையில் இருந்ததால்தான் எனக்கு அந்தப் பேச்சின் மேல் இவ்வளவு மதிப்பு.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:

டீச்சர், ஒரு இடத்தில் முட்டுகிறது. 2007 நவம்பர் 25-இல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்கு நம் மக்கள் கோலாலம்பூரில் திரண்டார்களே, அதிலிருந்து ஊரெல்லாம் பரவிய முழக்கம் "மக்கள் சக்தி". இரண்டே சொல், அதில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. 2008 தேர்தலில் எதிர்க்கட்சி செராமாக்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அதைத் தமிழிலேயே முழங்கினார்கள். ஆட்சியில் இருந்த தேசிய முன்னணிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போயிற்று, பினாங்கு மாநிலமே போயிற்று. உங்கள் அளவுகோலில் வைத்தால் அந்தச் சொல் தேறாது.

கெடா தோட்டத்துப் பிள்ளை:

டீச்சருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு சொல்லை மேடைக்காரர் யாரும் நமக்குள் ஏற்றவில்லை. குறை எல்லாம் வீட்டிலேயே இருந்தது, பெயர்தான் இல்லாமல் இருந்தது. சனம் தன்னைப் பற்றித் தானே முழங்குவது வேறு, பதவி கேட்டு வருகிறவர் நம் முன்னால் முழங்குவது வேறு. பதவியில் இருப்பவரிடமும் வர நினைப்பவரிடமும் நான் தேதி கேட்பேன். நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்துக்கான லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பியதும் 1956 பிப்ரவரி 20-இல் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் கூட்டத்துக்கு முன்னால் சுதந்திரத் தேதியைச் சொன்னார், 1957 ஆகஸ்ட் 31 என்று. அந்த நாளில் மெர்டேக்கா அரங்கில் அவர் "மெர்டேக்கா" (சுதந்திரம்) என்று ஏழு தடவை முழங்கியதைத்தான் ஆண்டுதோறும் டிவியில் காட்டுகிறார்கள். அதற்கு ஒன்றரை வருடம் முன்பே அந்தத் தேதியை ஊர் முழுக்கத் தெரியும்படி சொல்லி, தவறினால் வந்து என்னைக் கேள் என்பதுபோல் நின்றாரே, நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அந்தப் பேச்சைத்தான்.